அரங்கம் என்றால் தீவு: ஸ்ரீரங்கத்தைப் பற்றிய மூன்று எழுத்துகள்

ஸ்ரீரங்கம் போய் வந்தவர்களிடம் "அது ஒரு தீவு இல்லையா?" என்று கேட்டுப் பாருங்க. ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் "ஆமா, ஆமா" என்பார்கள். தெரியாமல் இல்லை. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி என்று எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனா பஸ் பாலத்தைத் தாண்டுது, கோபுரம் கண்ணில் படுது, அதோட ஆறு மறந்துபோகுது.

இத்தனைக்கும் ஊரின் பெயரே அதைத்தான் சொல்கிறது. அரங்கம் என்றால் நமக்கு மேடை, சபை என்பதுதான் முதலில் தோன்றும். அகராதியைப் பிரித்தால் அதே சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்றொரு பொருளும் இருக்கு. ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில், நடுவில் மிஞ்சும் நிலம். துருத்தி என்றாலும் அதேதான். திருப்பூந்துருத்தி அப்படி வந்த பெயர். காவிரியில் மூன்று அரங்கங்களைச் சொல்வார்கள்: ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம், சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், நம்ம ஸ்ரீரங்கம் அந்திய ரங்கம். மூன்றுமே தீவுகள். மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்ட கோலம்.

இந்த ஊரைப் பற்றி எழுதியவர்களுக்கு இது உறைத்ததா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர் கையில் எந்தப் புத்தகம் இருக்கணும் என்ற நடைமுறைக் கேள்வியும் அதற்குள் இருக்கு. மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கோயிலின் சொந்தப் பதிவான கோயிலொழுகு. அடுத்தது ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயர் 1763-இல் வெளியிட்ட போர் வரலாறு. மூன்றாவது சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அதனாலதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எண்களால் ஆன ஊர்

அதற்கு முன் நாலாவது ரகம் ஒன்றைச் சொல்லிவிடணும். இன்று நாம் அதிகம் படிப்பது அதைத்தான்: பயணக் கட்டுரைகள், வழிகாட்டிக் கையேடுகள், யூடியூப் காணொளிகள். இவை எல்லாவற்றுக்கும் அச்சு ஒன்றுதான். 156 ஏக்கர், 7 சுற்று, 21 கோபுரம். ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. பல நூற்றாண்டு அடித்தளத்தோடு நின்றுபோய், மொட்டைக் கோபுரமாக இருந்ததை அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் எடுத்துக் கட்டி 1987-இல் குடமுழுக்கு நடந்தது.

எல்லாமே சரியான தகவல்தான். ஆனா இவற்றைப் படித்து முடித்தவருக்கு ஊர் எப்படி இயங்குகிறது என்பதில் ஒரு துளிகூடப் புரியாது. 236 அடி என்று தெரிந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பதும், தெரியாமல் அண்ணாந்து பார்ப்பதும் ஒன்றுதான்.

ஓர் உதாரணம். 2017-இல் இந்தக் கோயிலின் புனரமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அந்த வரி எல்லாக் கட்டுரையிலும் இருக்கு. எதற்காகக் கிடைத்தது என்பதுதான் பெரும்பாலும் இல்லை. மரபு முறையில் செய்த திருப்பணியோடு, பழைய மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் வடிகால்களையும் மீட்டெடுத்து, வளாகத்தில் தண்ணீர் தேங்காமல் செய்ததும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதாவது பாராட்டில் ஒரு பெரிய பங்கு சாக்கடைக்கும் கால்வாய்க்கும். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் பிழைத்துக் கிடக்கணும்னா முதலில் தண்ணீர் வடியணும். கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கு. எழுதுகிறவர்கள் விருதை மட்டும் எடுத்துக்கொண்டு வாய்க்காலை விட்டுவிட்டார்கள்.

கோயிலொழுகு: உள்ளே பார்க்கும் புத்தகம்

ஒழுகு என்ற சொல்லுக்குப் பதிவேடு, கணக்கு என்று பொருள். கோயிலொழுகு ஒருவர் எழுதிய நூல் இல்லை. பல நூற்றாண்டுகளாக, பல கைகள் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது. வரலாற்றாசிரியர் வி.என். ஹரிராவ் 1961-இல் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தமிழில் அ. கிருஷ்ணமாசாரியாரின் விரிவான பதிப்பு இருக்கு.

இதைச் சரித்திரம் என்று நினைத்துப் படித்தால் தலை சுற்றும். ராஜாக்கள் இடம் மாறி வருவார்கள். வருஷங்கள் பொருந்தாது. இந்தக் கோயிலில் இருக்கும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆவது தொகுதி 1982-இல் வந்தது. அதோடு ஒப்பிட்டால் ஒழுகின் காலவரிசை பல இடங்களில் நிற்காது. ஆனா அது ஒழுகின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். எப்போது நடந்தது என்பது அதன் கவலையே இல்லை. யாருக்கு என்ன உரிமை, யாருக்கு முதல் தீர்த்தம், யார் எந்தக் கைங்கரியம் செய்யணும்? இதுதான் அதன் கவலை. ராமானுஜர் கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து ஒழுங்குபடுத்திய பகுதியைப் படித்தால், ஒரு பெரிய நிறுவனத்தின் பணிவிதிகளைப் படிப்பதுபோல இருக்கும்.

ஊரைப் பார்ப்பதற்கு இந்தப் புத்தகம் என்ன தருகிறது? சுற்றுகளின் பெயர்களைத் தருகிறது. தர்மவர்மன், ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன் என்று ஒவ்வொரு சுற்றும் ஒரு ராஜாவின் பெயரையோ ஆழ்வாரின் பெயரையோ தாங்கி நிற்கிறது. ஆலிநாடன் என்றால் திருமங்கையாழ்வார். இந்தப் பெயர்கள் தெரிந்த பிறகு மதில்கள் வெறும் மதில்களாகத் தெரியாது, அடுக்கடுக்கான நினைவாகத் தெரியும். 1323 படையெடுப்பின்போது பன்றியாழ்வான் மேட்டில் பன்னீராயிரம் பேர் மாண்டார்கள், பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனார், 1371-இல் கோபண்ணர் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார் என்ற நெடுங்கதைக்கும் ஒழுகுதான் மூலம். ஸ்ரீ வேணுகோபாலனின் திருவரங்கன் உலா நாவலைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கம் போனவர்கள் ஏராளம். அந்த நாவலுக்குப் பின்னாலும் இதே மரபுதான் இருக்கிறது.

என் மறுப்பு வேறு இடத்தில். ஒழுகு எப்போதும் உள்ளே பார்க்கும். மதிலைக் கட்டுவித்தவர் பெயர் இருக்கும், கட்டியவர் பெயர் இருக்காது. திருமங்கையாழ்வார் மதில் கட்டியதைப் பற்றி வைணவ மரபில் வழங்கும் கதையை எடுத்துக்குங்க. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து வந்து திருப்பணி நடக்கிறது. கடைசியில் பணம் தீர்ந்துபோகிறது. வேலையாட்கள் கூலி கேட்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் தருகிறேன் என்று ஓடத்தில் ஏற்றி, நடு ஆற்றில் கவிழ்க்கிறார்கள். அத்தனை பேருக்கும் மோட்சம் கிடைத்தது என்று கதை முடிகிறது. கொல்லும் இடம் ஆனதால்தான் கொள்ளிடம் என்று சிலர் பெயர்க்காரணம்கூடச் சொல்வார்கள். சொல்லளவில் அது பொருந்தாது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம், அவ்வளவுதான்.

கதை நடந்ததா இல்லையா என்பது என் கேள்வி இல்லை. கூலி கேட்டவர்களை ஆற்றில் போட்டதை ஒரு மரபு வெட்கமில்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கு. அந்தக் கதையில் ஆறு எதற்கு வருகிறது? ஆட்களை மறைக்க. ஊரைத் தாங்கும் ஆறாக அது வரவில்லை. சுவர் முக்கியம், சுவரைக் கட்டிய கை முக்கியமில்லை, சுவருக்கு வெளியே ஓடும் தண்ணீரும் முக்கியமில்லை. உள்ளே மட்டும் பார்க்கும் பார்வை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

ஓர்ம்: அக்கரையிலிருந்து பார்த்தவர்

அடுத்த புத்தகத்தில் நம்ம ஊர் வருகிறது. தட்டாஞ்சாவடியில் உட்கார்ந்து ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுத எனக்கு ஏதாவது உரிமை இருந்தால், அது இந்தக் கதையால்தான். புதுச்சேரியிலிருந்து திருச்சிக்கு இன்று நாம் போகும் வழி விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், பாடாலூர், சமயபுரம், கொள்ளிடம் பாலம். 1752-இல் டூப்ளே அனுப்பிய படையும் சரக்கு வண்டிகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் போயின. வாலிகண்டபுரமும் ஊட்டத்தூரும் இந்தச் சாலையை ஒட்டிய ஊர்கள். இரண்டும் ஓர்மின் புத்தகத்தில் போர்க்களங்களாக வரும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி. வெளியே சந்தா சாகிபும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர்களும். 1752 கோடையில் ஆங்கிலேயப் படை பலம் கூடியதும், பிரெஞ்சுத் தளபதி ழாக் லா பயந்துபோய்ப் படையை ஸ்ரீரங்கம் தீவுக்குள் இழுத்துக்கொண்டார். அவர் திருவானைக்கா கோயிலில் இருந்தார், சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலில். இரண்டு பக்கமும் ஆறு, ஏழு மதில்; இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்ற கணக்கு.

அந்தக் கணக்கைக் கிளைவும் லாரன்சும் திருப்பிப் போட்டார்கள். ஆங்கிலேயப் படையில் பாதி கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்தது. புதுச்சேரி வழி அடைபட்டது. தீவின் கிழக்கு முனைப் பக்கம் கோயிலடியைத் தஞ்சாவூர்ப் படை பிடித்தது. வடகரையில் பிச்சாண்டார்கோயிலும் விழுந்தது. புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த தொத்தேய் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார். ஜூன் மாதத்தில் லாவும் சரணடைந்தார். எழுநூறுக்கு மேற்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்கள் பிடிபட்டார்கள். தஞ்சைத் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. காப்பாற்றும் என்று நினைத்த ஆறே வேலியாகிப்போச்சு.

ஓர்ம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். கேரளத்து அஞ்சுதெங்கில் பிறந்தவர், சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். கிளைவைத் தூக்கிப் பிடிப்பார், பிரெஞ்சுக்காரரை மட்டம் தட்டுவார். அந்தப் பாரபட்சத்தைத் தள்ளிவிட்டுத்தான் படிக்கணும். கோயிலையும் அவர் கோட்டை என்றே பார்க்கிறார். மதில் 25 அடி உயரம், 4 அடி கனம் என்று அளந்து எழுதுவதில் பக்தியும் இல்லை, ரசனையும் இல்லை. பீரங்கிக்காரனின் கணக்கு அது.

ஆனா அவர் பதிவு செய்த இரண்டு விஷயங்களுக்காக அந்தப் புத்தகத்தை நான் விட மாட்டேன். ஒன்று, சரணடைந்த நாளில் கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் செய்தது. மூன்றாம் மதிலைத் தாண்டி வெள்ளைக்காரன் ஒருத்தன் காலெடுத்து வைத்தால் வெட்டிப் போடுவோம் என்று நின்றார்கள். வென்றவர்கள் அதை மதித்து ஒதுங்கினார்கள். தோற்ற படையின் கூலி வீரர்கள், வடநாட்டுக்காரர்கள், ஊர் எங்கே முடிந்து கோயில் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஏழு சுற்று என்பது அலங்காரம் இல்லை, ஒவ்வொரு மதிலுக்கும் ஓர் அர்த்தம் இருக்கு என்பதை வழிகாட்டிக் கையேடுகளைவிட இந்தச் சம்பவம் நன்றாகச் சொல்லும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். 1753-இல் பிரெஞ்சுப் படை மறுபடி ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டது. 1754-இல் தஞ்சாவூர் ராஜாவைப் பணிய வைக்க அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோயிலடிப் பக்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருந்த பெருங்கரையை வெட்டிவிட்டார்கள். கரை போனால் காவிரித் தண்ணீர் தாழ்வாக ஓடும் கொள்ளிடத்துக்குள் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சாவூருக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் ஒரு நாட்டையே பட்டினி போடலாம். பிறகு தஞ்சாவூர் வேலையாட்கள் வந்து அந்தக் கரையைக் கட்டினார்கள். அவர்களுக்குக் காவலாகப் படை நிறுத்த வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோதுதான் தீவு என்ற சொல் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஸ்ரீரங்கம் ஆறு தானாக விட்டுவைத்த திட்டு மட்டும் இல்லை. மேற்கு முனையிலும் கிழக்கு முனையிலும் மனிதர்கள் கரை கட்டிக் காத்ததால் நிற்கிற நிலம். கோயிலின் சொந்தப் புத்தகம் காணாமல் விட்ட இந்த உண்மை, தீவைப் பிடிக்க வந்தவர்களின் புத்தகத்தில் இருக்கு. முற்றுகை போடுகிறவனுக்கு எங்கே கரை, எங்கே ஆழம், எங்கே இறங்கிக் கடக்கலாம் என்று தெரிந்தாகணும். அவன் வெளியிலிருந்து உள்ளே பார்க்கிறான்.

புதுச்சேரிக்காரர்கள் இதை இன்னொரு விதமாகவும் யோசிக்கணும். டூப்ளேயின் திறமையைப் பற்றி, ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக்குறிப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேசணும்தான். ஆனா இங்கே கடற்கரைச் சாலையில் நாம் பெருமையாகச் சுற்றிக்காட்டும் அந்தக் காலம், தஞ்சாவூர் உழவனுக்குக் கரை உடைந்த காலமும்கூட.

சுஜாதா: திண்ணையிலிருந்து பார்த்தவர்

மூன்றாவது, எல்லாருக்கும் பிடித்த புத்தகம். சுஜாதா சென்னையில் பிறந்தாலும் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். ஸ்ரீரங்கத்து தேவதைகள் என்ற தலைப்பில் ஆனந்த விகடனில் வந்த கதைகள் அந்த 1940, 50-களின் ஊரைக் கண்முன் நிறுத்தும். ரங்கு கடையும் குண்டு ரமணியும் எந்த வழிகாட்டியிலும் இல்லை. ஆனா அதைப் படித்துவிட்டு சித்திரை வீதியில் நடக்கிற ஆள் ஒவ்வொரு பழைய திண்ணையிலும் யாரையோ தேடுவார்.

இந்தக் கதைகளின் பலம் அளவுதான். 156 ஏக்கரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒரு வீதி, ஒரு கடை, அதில் உட்கார்ந்து வம்பு பேசும் நாலு பேர் போதும். மதில்களுக்கு நடுவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்ற உண்மை, அதாவது ஸ்ரீரங்கம் கோயில் உள்ள ஊர் மட்டுமில்லை, கோயிலுக்குள் இருக்கிற ஊர் என்ற உண்மை, வேறு யார் எழுத்திலும் இவ்வளவு சாதாரணமாக வந்ததில்லை. தை மாதத் தேர் உத்தர வீதியில் ஓடும், சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடும். தேர் ஓடுவதற்காகவே அகலமாக விட்ட வீதியில்தான் பையன்கள் விளையாடி வளர்ந்தார்கள். சாமியின் வீதியும் மனிதனின் வீதியும் ஒன்றாக இருப்பதில் உள்ள வேடிக்கையையும் நெருக்கடியையும் அவர் அளவுக்குப் பிடித்தவர் இல்லை.

இடைவெளியும் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். அந்தக் கதைகளின் உலகம் பெரும்பாலும் அக்ரகாரத்து உலகம். சித்திரை வீதிக்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி, அதற்கும் அப்பால் படுகை, தோப்பு, வயல், ஆற்றோரம். அங்கிருந்து தினமும் பூவும் வாழையும் பாலும் உள்ளே வந்தன. கொண்டுவந்தவர்கள் அந்தக் கதைகளில் வந்துபோவார்கள், கதையாக ஆவது குறைவு. சுஜாதா தனக்குத் தெரிந்ததை எழுதினார், அது நேர்மைதான். அவரைப் படித்த நாம் அந்த ஒரு வீதியையே முழு ஸ்ரீரங்கம் என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். இன்று அந்தத் திண்ணைகளில் பல இடிந்து, அடுக்குமாடியும் விடுதியுமாக மாறிக்கொண்டிருக்கு. அதைப் பார்த்து வரும் ஏக்கக் கட்டுரைகள் எல்லாமே சுஜாதாவின் நிழலில் எழுதியவை. ஏக்கப்படுவது எளிது. அந்த ஊர் யார் உழைப்பில் நின்றது என்று கேட்பதுதான் கஷ்டம்.

மூன்று பேரும் விட்ட இடம்

ஒழுகு கருவறையை நோக்கிப் பார்க்கிறது. சுஜாதா வீதியைப் பார்க்கிறார். ஓர்ம் கரையைப் பார்க்கிறார், ஆனா பிடிப்பதற்காகப் பார்க்கிறார். கரையை ஊருக்காகப் பார்த்து எழுதின புத்தகம்தான் நமக்கு இல்லை.

எழுத விஷயம் இல்லாமல் இல்லை. மேற்கே முக்கொம்பில்தான் ஆறு பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, அதன் வழியும் நேர்வழி. விட்டால் காவிரித் தண்ணீர் முழுக்க அதற்குள் இறங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததும் அதுதான்: காவிரி மணல் மேடிட்டுப்போக, தஞ்சாவூர் டெல்டா காய்ந்தது. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டினார். மணலில் நிற்கும் அணைக்குக் கல்லணையே அவருக்குப் பாடம். கிழக்கே அந்தக் கல்லணை, மேற்கே இந்த மேலணை, நடுவில் அரங்கம். 1924 பெருவெள்ளம், அதற்குப் பின் 1934-இல் முடிந்த மேட்டூர் அணை என்று இந்தத் தீவின் உண்மையான வரலாறு நீரின் வரலாறாகத்தான் ஓடுகிறது.

கோயில் வழக்கத்திலும் இது இருக்கு. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் கொள்ளிடத்தை வட திருக்காவேரி என்பார்கள். பெருமாளின் திருமஞ்சனத்துக்கு வருஷம் முழுக்க அங்கிருந்து வெள்ளிக் குடத்தில் தண்ணீர் வரும். ஐப்பசி மாதம் மட்டும் தென்புறத்துக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல் வரும். இரண்டு ஆற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் திருவானைக்காவில் கருவறையிலேயே ஊற்று கசிகிறது. அது அப்புத் தலம், அதாவது தண்ணீரே சாமி. எழுத்து மறந்ததைச் சடங்கு மறக்கவில்லை.

2018 ஆகஸ்டில் இது எல்லாருக்கும் நினைவூட்டப்பட்டது. மேட்டூர் நிரம்பி வெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்டது. முதலில் திருச்சிக்குப் பக்கத்தில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாளில், 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. மணல் அள்ளியதுதான் காரணம் என்று ஒரு பக்கம், பழசானதுதான் காரணம் என்று இன்னொரு பக்கம் விவாதம் நடந்தது. அந்த ஒரு வாரம் செய்தித்தாள்கள் ஸ்ரீரங்கத்தைத் தீவாகப் பார்த்தன. மணல் மூட்டை அடுக்கின தொழிலாளர்களின் படங்கள் வந்தன. அப்புறம் மறுபடி வைகுண்ட ஏகாதசிப் படங்களுக்குத் திரும்பிவிட்டோம்.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் தீவில் செயின் லூயி என்று ஒரு பழைய பிரெஞ்சு நகரம் இருக்கு. புதுச்சேரிக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. இங்கே நெய்து சாயம் தோய்த்த 'கினே' என்ற நீலத்துணிதான் அங்கே கோந்து வியாபாரத்தில் காசு மாதிரி ஓடியது. அந்த நகரம் 2000-இல் உலக மரபுச் சின்னம் ஆனது. 2003-இல் வெள்ளம் வடிய, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல் திட்டில் வெறும் 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அது தானாக விரிந்து கிலோமீட்டர் கணக்கில் ஆகி, கரையோர ஊர்களையே விழுங்கியது. வீடுகளுக்கும் பால்கனிகளுக்கும் மரபுச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரி, எந்தப் புத்தகத்தோடு போவது?

மூன்றையும் படிங்க, ஆனா வரிசையை மாற்றிப் படிங்க. முதலில் ஓர்ம். முழுசும் வேண்டாம், 1752, 1754 நிகழ்வுகள் வரும் பகுதி போதும். கையில் ஒரு வரைபடம் இருக்கட்டும். அப்புறம் சுஜாதா. கடைசியில் கோயிலொழுகு.

நடக்கிற வரிசையும் அப்படித்தான். எல்லாரும் தெற்கே ராஜகோபுரத்தில் ஆரம்பிக்கிறார்கள். அது 1987-இல் முடிந்த கோபுரம், ஊரின் மிகப் புதிய பகுதி. முடிந்தால் முதல் நாள் முக்கொம்பு போய் ஆறு பிரிவதைப் பாருங்க. மறுநாள் காலையில் கொள்ளிடக் கரையில் ஆரம்பித்து, வடக்கு வாசல் வழியாக உள்ளே வாங்க. ஆற்றின் படுகை எவ்வளவு அகலம், கரை எவ்வளவு உயரம், ஊர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு நடங்க. முதலில் சித்திரை வீதி, பிறகு உத்தர வீதி, கிழக்கே வெள்ளைக் கோபுரம், அப்புறம் கோயில். பெருமாளைச் சேவித்துவிட்டு, தெற்கு வாசல் வழியாக வெளியே வந்து அம்மா மண்டபத்தில் காவிரியில் முடிங்க. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆறு வரை நடந்தால்தான் அரங்கம் என்ற சொல்லுக்கு உடம்பில் பொருள் ஏறும்.

நான் எதிர்பார்க்கும் புத்தகம் ஒன்று இன்னும் வரவில்லை. முக்கொம்பு முதல் கல்லணை வரை இந்தத் தீவின் கரையைக் கட்டினவர்கள், அடைத்தவர்கள், மதகு திறந்தவர்கள், வெள்ள ராத்திரியில் மூட்டை சுமந்தவர்கள் பற்றிய புத்தகம். கரை லஸ்கர்களின் குடும்பங்களில் கேட்டால் கிடைக்கும் விஷயம் இருக்கு. பொதுப்பணித் துறையின் பழைய கோப்புகளில் இருக்கு. திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ இருக்கிற ஓர் இளைஞர் மூன்று நாலு வருஷம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. யாராவது ஆரம்பித்திருந்தால் எனக்கு எழுதுங்க. பிரெஞ்சு மூலங்களில் 1754-இல் கரை வெட்டின சங்கதியைத் தேடித்தர, இங்கே புதுச்சேரியிலிருந்து என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன்.